ஐஸ்ரைட் பிள்ளையார்

இதில் நான் எழுதும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஐஸ்ரைட் பிள்ளையார் அறியச் சத்தியம் செய்கிறேன். கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய் என்றாலும் செய்வேன். கையைச் சுட்டுக்கொள்ளக் கூடாது, சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் அதை மட்டும் எழுத்தில் செய்து தருகிறேன்.

என் நெற்றியைப் பார்ப்பவர்கள் என்னைப் பெரிய பக்தன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். குளித்துவிட்டு வந்தாலும், துண்டால் அழுந்தத் துடைத்தாலும், மூன்று வெள்ளைக் கோடுகள் அப்படியே இருக்கும். தோலே வெளுத்துப்போய்விட்டது. புதுக்கோட்டை பஸ் நிலையத்தில் முன்பின் தெரியாதவர்கள் எழுந்து எனக்கு இடம் விட்டிருக்கிறார்கள். நானும் மறுக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கோடுகள் வந்த விதத்தைச் சொல்ல வேண்டுமானால் 1949ஆம் வருஷத்து ஆகஸ்ட் பதினைந்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அன்றைக்கு நடந்ததற்குக் காரணம் யார் என்பது இதுவரை ஒரு மனிதருக்கும் தெரியாது. எண்பதைத் தாண்டிய பிறகு ரகசியம் சுமப்பது முதுகுக்கு ஆகாது. இறக்கி வைத்துவிடுகிறேன்.

என் பெயர் ஆத்மநாதன். ஊர் ஆவுடையார்கோவில். எங்கள் கோயில் கருவறைக்குள் எட்டிப் பார்த்தால் லிங்கம் இருக்காது. பீடம் மட்டும்தான். மேலே சாமி இருப்பதாகப் பார்ப்பவன்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். இப்படி இல்லாத உருவத்தைக் கும்பிட்டே வளர்ந்த ஒருவன் கையில் கல்லையும் சுண்ணாம்பையும் கொடுத்தால் என்ன ஆகும் என்று யாராவது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை.

கீரமங்கலம் போகிற ரோட்டில் இருந்த உயர்நிலைப் பள்ளியில், விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். சமஸ்தானம் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ராஜா காலத்துப் பழக்கங்கள் எல்லாம் போய்ப் புதுசு புதுசாக என்னென்னவோ வந்துகொண்டிருந்தன. அப்படி வந்ததுதான் மாணவர் படை. அதற்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் மலையாண்டி ஹவில்தார். சண்டைக்காக ஈஜிப்து வரைக்கும் போய்த் திரும்பியவர். குளத்தூர்ப் பக்கத்துக்காரர். மீசை, இரும்புக் கம்பியை முறுக்கி ஒட்டியது போல இருக்கும். மழையில் நனைந்தாலும் கீழே இறங்காது.

அவர் வேலை தற்காலிகம். சுதந்திர தினத்தன்று திருச்சியிலிருந்து ஒரு மேஜர் வந்து அணிவகுப்பைப் பார்ப்பார், பிடித்திருந்தால் படையும் நிலைக்கும், ஹவில்தாரின் வேலையும் நிரந்தரமாகும் என்று ஏற்பாடு. இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. அவருடைய மாமனார், நிரந்தர உத்தரவைக் கண்ணால் பார்க்காமல் மகளை அனுப்ப மாட்டேன் என்று முனியாயியைத் தன் வீட்டிலேயே வைத்திருந்தார். கல்யாணமாகி இரண்டு வருஷம். ஹவில்தார் இதை எங்களிடம் மறைக்கவில்லை. முதல் நாள் பயிற்சியிலேயே எங்களை வரிசையாக நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"தம்பிகளா, எம் பொண்டாட்டி ஒங்க காலுலதான்டா இருக்கா. நீங்க ஒழுங்கா நடந்தீங்கன்னா அவ நடந்து வந்துருவா."

அதற்குப் பிறகு காலைத் தூக்கி வைக்கும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

படையில் சேர்ந்தவர்கள் முப்பத்தொரு பேர். வந்த காக்கி உடுப்பு முப்பது. பூட்ஸும் முப்பது ஜோடி. எல்லாம் பெரிய ஆள் அளவு. முன்பக்கத்தில் கந்தல் துணியை அடைத்துப் போட்டுக்கொண்டோம். லேஸை என்ன இறுக்கினாலும், ஓர் உதறு உதறினால் கழன்று நாலு அடி தள்ளிப் போய் விழும். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பிறகு நம்பவில்லை என்று சொல்லக் கூடாது.

எனக்கும் ஒரு உடுப்பு கிடைத்தது. ஒன்பது நாள் போட்டிருந்தேன். ராத்திரி கழற்றியதில்லை. ஊருக்குக் கடுதாசி போட்டேன், வந்து பார்க்கச் சொல்லி. பத்தாம் நாள் ஹவில்தார் என்னை மட்டும் தனியே நடக்கச் சொன்னார். நடந்தேன். மறுபடியும் நடக்கச் சொன்னார். எனக்கு வலது கால் போகும்போது வலது கையும் கூடவே போகும். அவர் என் பக்கத்தில் வந்து, கெட்ட செய்தி சொல்லும் டாக்டர் மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, ஈஜிப்துல ஒட்டகம் பாத்தேன். ஒருபக்கத்துக் காலு ரெண்டையும் ஒண்ணாத் தூக்கி வைக்கும். அந்த நடைடா ஒனக்கு. தப்புன்னு சொல்லல. ஆனா மேஜரு ஒட்டகம் பாக்க வரல பாரு."

சட்டையை அங்கேயே கழற்றி முப்பத்தொன்றாவது ஆளான செபமாலையிடம் கொடுத்தேன். அவனுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. அன்று சாயந்திரத்திலிருந்து என் பெயர் விடுதியில் ஒட்டகம். மூக்கன் என்று ஒரு பயல், முன்வரிசையில் முதல் ஆள், சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பார்த்து, ஒட்டகத்துக்குத் தண்ணி வைக்காதீங்கப்பா, எட்டு நாளைக்குத் தாங்கும் என்றான்.

எனக்குக் கோபம் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஹவில்தாருக்கும் மனசு கேட்கவில்லை போல. மைதானத்துக்குக் கோடு போடும் பொறுப்பை எனக்குத் தந்தார். பதினைந்தாம் தேதி விடிகிற நேரத்தில் சைக்கிள் காரியரின் இரு பக்கமும் ஒவ்வொரு மண்ணெண்ணெய் டின் தொங்க, நீற்றிய சுண்ணாம்புத் தூளைக் கொண்டுவந்து இறக்கினார். எந்தக் கோடு எங்கே என்று காட்டினார். கடைசியாக மேஜர் நிற்கப் போகும் மேடைக்கு இருபதடி முன்னால், வலதுபக்கம், குதிகாலால் ஒரு குழி போட்டார்.

"இந்த எடத்துல ஒரு கல்லு நடு. வெள்ளையடி. அந்தக் கல்லப் பாத்ததும்தான் நான் ஐஸ்ரைட் சொல்லுவேன், பயலுக எல்லாம் தலைய வலப்பக்கம் திருப்புவானுக. பளிச்சுன்னு கண்ணுல படணும். கண்ணுல பட்டாப் போதும், மத்ததெல்லாம் தானா நடக்கும்."

இவை அவர் சொன்ன சொற்கள். நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

கல் தேடினேன். புதுக்கோட்டைச் சீமையில் கல்லுக்குப் பஞ்சம் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் அன்று காலை எனக்கு ஒரு கல்லும் கண்ணில் படவில்லை. விடுதிச் சமையற்கட்டுக்குப் பின்னால், ஆட்டுரலில் ஒரு குழவி இருந்தது. கறுப்பு, நல்ல வழவழப்பு. மேலே குறுகி, கீழே வயிறு பெருத்து. நிறுத்தினால் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அதைத் தூக்கிவந்து, குழியில் வைத்து மண் அணைத்தேன். கிழக்குப் பார்க்க வைத்தேன். குழவிக்கு எந்தப் பக்கம் முகம் என்று கேட்காதீர்கள். வைத்த பிறகு அது கிழக்கேதான் பார்த்தது.

அடுத்து வெள்ளை. மைதானம் முழுக்கக் கோடு போட்டதில் சுண்ணாம்பு அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. வழித்து எடுத்துத் தண்ணீரில் குழைத்தேன். கல் முழுவதும் அடிக்க அது பற்றாது. மூன்று விரலில் எடுத்து ஓர் இழுப்பு இழுக்கத்தான் காணும். இழுத்தேன். மூன்று கோடு விழுந்தது. படுக்கைவசத்தில் இழுத்தால் அதிக தூரத்துக்குத் தெரியும் என்று படுக்கைவசத்தில் இழுத்தேன். அதில் ஒரு சொட்டு வழிந்தது. நேராக இறங்கி, வயிற்று மேட்டில் முட்டி, இடப்பக்கமாகச் சுருண்டு நின்றது. சுண்ணாம்பு எப்படி வழிய வேண்டும் என்று அதற்கு நான் கற்றுக்கொடுக்கவில்லை.

வெள்ளைக்கு நடுவே கொஞ்சம் சிவப்பு இருந்தால் தொலைவிலிருந்தே தெரியும். ரயில்வே கேட்டில் பார்த்திருக்கிறேன். செங்கல்லைப் பொடித்துக் கோடுகளின் நடுவில் வட்டமாக ஒரு பொட்டு வைத்தேன். கல் ஆடாமலிருக்க அடியில் கொஞ்சம் புல்லைப் பிடுங்கித் திணித்தேன். பக்கத்தில் முளைத்திருந்தது அறுகம்புல். நெருஞ்சி முளைத்திருந்தால் நெருஞ்சியைத் திணித்திருப்பேன்.

எழுந்து நாலடி பின்னால் நகர்ந்து பார்த்தேன். பளிச்சென்று கண்ணில் பட்டது.

எட்டு மணிக்கெல்லாம் சுற்றுவட்டாரமே கூடிவிட்டது. எங்கள் ஆத்தாவும் வந்திருந்தாள். ஆவுடையார்கோவிலிலிருந்து விடியக்காலம் கிளம்பி, இரண்டு வண்டி மாறி, மடியில் எனக்குப் பணியாரம் கட்டிக்கொண்டு. கை நிறையச் சுண்ணாம்போடு நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"காக்கிச் சட்ட எங்கடா?"

"வெளுக்கப் போட்டிருக்கு ஆத்தா."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. பணியாரத்தைக் கொடுத்துவிட்டு, நடக்கிற பிள்ளைகளைப் பார்க்கப் போய் நின்றுகொண்டாள். அவள் கேட்டிருக்கலாம்.

மேஜர் வந்தார். வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. கையில் ஒரு குறிப்புப் புத்தகம். கொடி ஏறியது, முரசு அடித்தது, முப்பது பேரும் மூன்று மூன்று பேராகக் கிளம்பினார்கள். உள்ளதைச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு நடையை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அறுபது கால் ஒரே காலாக விழுந்தது. மைதானத்து ஓரத்து வேப்பமரத்தில் இருந்த காக்கைகள் ஒவ்வோர் அடிக்கும் ஒரு முறை கிளையோடு எழும்பி உட்கார்ந்தன. முன்னால் ஹவில்தார், கண் கலங்கப் போய்க்கொண்டிருந்தார். முனியாயி அப்பா வீட்டிலிருந்து புறப்பட்டு வந்துகொண்டிருப்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

கல்லைக் கண்டார். ஐஸ்ரைட் என்றார்.

முப்பது தலையும் வலப்பக்கம் திரும்பியது. விடிந்து எழுந்ததும், பரீட்சைக்குப் போகும்போதும், தெருமுனை திரும்பும்போதும் பிள்ளையாரைக் கண்டால் கை தன்னால் என்ன செய்யுமோ அதைச் செய்தே பதினைந்து வருஷம் வளர்ந்த பயல்கள். மூக்கன்தான் முதலில். ஓர் உதறு. இரண்டு பூட்ஸும் பறந்தன. இரண்டு கையையும் மாற்றிப் பிடித்து நெற்றியில் டொக் டொக்கென்று குட்டிக்கொண்டான். அவன் பின்னால் ஒருவர் பின் ஒருவராக எல்லோரும். பயிற்சி அப்படி, குட்டுகூட ஒரே தாளத்தில் விழுந்தது. அது முடிந்ததும் காதைப் பிடித்துத் தோப்புக்கரணம். முன்வரிசை உட்கார, நடுவரிசை எழ, பின்வரிசை உட்கார என்று அலை அலையாக, பார்க்க அழகாகவே இருந்தது.

ஹவில்தார் மேஜரைப் பார்த்து சல்யூட் அடிக்கக் கையை உயர்த்தியிருந்தார். கை நெற்றிப்பொட்டுக்கு வந்தபோது அவர் கண் கல்லில் விழுந்தது. விரல்கள் மடங்கின. ஒரே ஒரு குட்டு. அதற்குள் சுதாரித்துக்கொண்டார். ஆனால் மேஜர் அந்த ஒன்றைப் பார்த்துவிட்டார்.

செபமாலை மட்டும் குட்டவில்லை. அவன் மாதா கோயில் பிள்ளை. வலப்பக்கம் திருப்பிய தலையோடு, கைவீச்சு மாறாமல், தனியாக மேடையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தான். அவனுக்கு ஹால்ட் சொல்ல ஆளில்லை. கீரமங்கலம் சந்தை வரைக்கும் போய்விட்டான் என்று பிற்பாடு சொன்னார்கள். அது மிகை. வாழைத்தோட்டம் வரைக்கும்தான் போனான், வேலி இருந்ததால் அங்கே நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தான்.

கூட்டத்தில் கடலை விற்றுக்கொண்டிருந்த இருளாயி குலவை போட்டாள். இருபத்தொன்பது பிள்ளைகள் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டால் அது சாமியாகத்தான் இருக்க வேண்டும். எங்கிருந்தோ சூடம் வந்தது, தேங்காய் வந்தது. பத்து நிமிஷத்தில் கல்லைச் சுற்றி ஆள் நிற்க இடமில்லை. எங்கள் ஆத்தாவும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், என் பிள்ளைக்கு நல்ல புத்தி கொடு என்று.

மேஜர் குறிப்புப் புத்தகத்தில் ஒரே ஒரு வரி எழுதினார். தலைமையாசிரியர் பிறகு எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்: "பயிற்சியாளர் அணிவகுப்பின் நடுவே தன் தலையில் தானே குத்திக்கொள்கிறார்."

மத்தியானம் விசாரணை. தலைமையாசிரியர் அறையில் ஹவில்தாரும் நானும். கல் வைத்தது யார் என்று கேட்டார். நான்தான் சார், ஹவில்தார் வைக்கச் சொன்னாங்க என்றேன். வெள்ளை பூசியது? நான்தான் சார், ஹவில்தார் பூசச் சொன்னாங்க. அவர் ஹவில்தாரைப் பார்த்தார். ஹவில்தார், ஆமாங்க, நான்தான் சொன்னேன் என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். வெளியே வந்ததும் வராந்தாவில் நின்று, என்னை ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன்டா முழுக்க அடிக்காம மூணு கோடு மட்டும் இழுத்த?"

"சுண்ணாம்பு பத்தலைங்க."

"பத்தலையா."

"பத்தலைங்க."

என் விரல்களில் காய்ந்திருந்த சுண்ணாம்பைப் பார்த்தார். சரி போ என்றார். அவ்வளவுதான். அவருக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

படையை இரண்டு வருஷத்துக்கு நிறுத்திவைத்தார்கள். ஹவில்தாரின் வேலை போனது. ஆனால் கல்லை எடுக்க ஆளில்லை. தலைமையாசிரியர் பியூனை எடுக்கச் சொன்னார். அவன் மறுநாளிலிருந்து ஒரு மாதம் லீவு போட்டான். ஊர்க்காரர்கள் கூடி, மேலே ஓலைக்கூரை வேய்ந்து, ஐஸ்ரைட் பிள்ளையார் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். விடுதியில் சமைக்கும் அழகம்மாள்தான் பாவம். காணாமற்போன குழவி கிடைத்தால் கொழுக்கட்டை படைக்கிறேன் என்று அந்தப் பிள்ளையாருக்கே வேண்டிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வருவாள், தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பாள்.

"இந்தச் சாமிய எங்கயோ பாத்தாப்புலயே இருக்குடா ஆத்மநாதா."

எல்லாச் சாமியும் அப்படித்தான் அழகம்மா என்றேன். குழவி இல்லாததால் அந்த வருஷம் தீபாவளிக்கு விடுதியில் இட்லி கிடையாது. எனக்கும்தான் கிடையாது. நானும் கஷ்டப்பட்டேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

பூசைக்கு ஆள் வேண்டுமே. கல்லை வைக்கச் சொன்னவர்தானே பூசை செய்ய வேண்டும் என்று ஊர் ஒருமுகமாக முடிவு செய்தது. ஹவில்தாருக்கும் போக இடமில்லை. மாமனார் வீட்டுக்கு வேலை போனவனாகப் போய் நிற்க முடியாது. ஒத்துக்கொண்டார். காலை ஆறு மணிக்கு அட்டென்ஷனில் நின்று சாமிக்கு சல்யூட். கும்பிட வருபவர்கள் மூன்று மூன்று பேராக நிற்க வேண்டும். தீபாராதனை காட்டும்போது ஐஸ்ரைட் என்பார். சாமி நேர் எதிரே இருந்தாலும் கிழவிகள் உட்பட அத்தனை பேரும் தலையை வலப்பக்கம் திருப்பிவிட்டுத்தான் கும்பிடுவார்கள். இன்றைக்கும் அப்படித்தான். வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

ஆற அமர யோசித்தால் நான் அவருக்கு நல்லதுதான் செய்திருக்கிறேன். அவர் கேட்டது நிரந்தர வேலை. இதைவிட நிரந்தரம் எது? மேஜர் கொடுத்திருந்தால் ஐம்பத்தைந்தில் ஓய்வு. பிள்ளையார் முப்பத்துநாலு வருஷம் வைத்துக்கொண்டார். முனியாயியும் வந்தார். ஏழு வருஷம் கழித்து, அவருடைய அப்பா செத்த பிறகு. அந்த ஏழு வருஷமும் ஹவில்தார் கோயில் பக்கத்துக் குடிசையில் தனியாகச் சமைத்துத் தின்றார். தனிமை பக்திக்கு நல்லது என்பார்கள்.

நான் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவானேன். எங்கே மாற்றினாலும், சதுர்த்திக்குச் சதுர்த்தி அங்கே போய்விடுவேன். ஹவில்தாருக்கு என்மேல் தனிப் பிரியம். மற்றவர்களுக்குத் தட்டிலிருந்து விபூதி கொடுப்பார், அவர்களே பூசிக்கொள்ள வேண்டும். எனக்கு மட்டும், வேட்டி மடிப்பிலிருந்து ஒரு மூக்குப்பொடி டப்பாவை எடுத்து, அதிலிருந்து மூன்று விரலில் தொட்டு, அவர் கையாலேயே நெற்றியில் அழுத்தி இழுத்துவிடுவார். லேசாக எரியும். வியர்வை பட்டால் நன்றாகவே எரியும். சக்தியுள்ள விபூதி என்று எடுத்துக்கொண்டேன். முப்பத்துநாலு வருஷம் ஒரு சதுர்த்தி தவறவில்லை.

எண்பத்துமூன்றில் அவர் காலமானார். பதினாறாம் நாள் போயிருந்தேன். முனியாயி அந்த மூக்குப்பொடி டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"தம்பி, இத ஒங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாங்க. இது தீந்துச்சுன்னா கெணத்தடியில ஒரு டின்னு இருக்கு, முக்காவாசிக்கு மேல அப்படியே கெடக்கு, எடுத்துக்கங்க. அம்பது வருசத்துக்குத் தாங்கும்னாங்க. கோயிலுக்கு வந்த மொத நாளே கள்ளிக்குள்ளருந்து எடுத்தாந்து வச்சதாம்."

கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தேன். மண்ணெண்ணெய் டின். உள்ளே சுண்ணாம்பு.

1949ஆம் வருஷம் ஆகஸ்ட் பதினைந்து காலையில் அந்த டின்னைக் கள்ளிப் புதருக்குள் தள்ளி ஓலை போட்டு மூடியபோது, அதன் வாயில் ஹவில்தார் கட்டியிருந்த சாக்குத்துணியை நான் அவிழ்க்கவே இல்லை.